திரை மாற்றுவது சுலபம், திரை வாங்குவதுதான் வேலை

உடைந்த திரையோடு ஒரு பழைய போனைக் கடை மேசையில் வைத்தால், அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: "இதற்குப் போய்ச் செலவு செய்வதா? இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் புதிதாகவே வாங்கிவிடலாமே." அந்த "இன்னும் கொஞ்சம்" எவ்வளவு என்று கேட்டால் ஏழாயிரத்தில் ஆரம்பித்து மேலே போகிறது. சேலத்தில் நாலு ரோட்டிலும் இதே பதில்தான், பழைய பேருந்து நிலையத்துப் பக்கமும் இதே பதில்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதால், இந்த முறை என் அக்காவின் போனுக்கு நானே திரை மாற்றினேன். எப்படிக் கழற்றினேன் என்பதைவிட எதை வாங்கினேன், எதை வாங்காமல் திரும்பினேன் என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். கழற்றி மாட்டுவதைக் காட்டும் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. கடையில் ஏமாறாமல் வருவது எப்படி என்று யாரும் காட்டுவதில்லை.

போன், சாம்சங் கேலக்ஸி ஜே7, 2016 மாடல். அக்கா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறாள். ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறாள். பழம் பறிக்கும் காலத்தில் மாலையானால் ஒவ்வொருவரும் பறித்து வந்ததை எடை போட்டு, நோட்டில் குறித்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அப்படிப் படம் பிடிக்கும்போது கை நழுவி, பழம் காயப்போடும் களத்துச் சிமெண்டுத் தரையில் போன் குப்புற விழுந்தது. அன்றைக்கு வலது கீழ் மூலையில் வெறும் விரிசல்தான். மறுநாள் காலையில் அதே இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருநீலத் திட்டு. அது நகர்ந்து நகர்ந்து, போன் என் கைக்கு வந்து சேர்வதற்குள் திரையின் கீழ்ப்பாதியை விழுங்கியிருந்தது.

புதுப்போன் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அவள் சொன்ன காரணங்களில் ஏக்கம், ஞாபகம் என்று ஒன்றும் கிடையாது. மலையில் மழை பிடித்தால் கரண்டு போகும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இந்தப் போனுக்கு அவளிடம் இரண்டு பேட்டரிகள் உண்டு. ஒன்று தீர்ந்தால் பின்மூடியை நகத்தால் நெம்பி மற்றொன்றைப் போட்டுக்கொள்வாள். குளிரில் விறைத்த ஈரக் கைக்கு, அழுத்தினால் உள்ளே போகிற ஹோம் பட்டன்தான் தோது என்பது இரண்டாவது காரணம். இரண்டுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு பேட்டரிச் சட்டம் போட்டிருக்கிறது. அங்கே விற்கும் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி முதல் இருக்க வேண்டும் என்கிறது. சில விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறார்கள். என் அக்கா அந்தச் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் இத்தனை வயதான ஜே7-க்கு உதிரிபாகம் தேடுகிறவன் கடைசியில் போய் நிற்பது பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில்தான்.

என்னைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் போன் மெக்கானிக் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த கொலுசுப் பட்டறை எனக்கு. கொலுசுக்குத் திருகாணி வைப்பது, அறுந்த கண்ணியைப் பற்றவைப்பது என்று நாள் முழுதும் சின்னச் சாமான்களோடுதான் இருக்கிறேன். நுனி மெல்லிய சாமணம், கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி, கைக்கடக்கமான திருப்புளிகள் எல்லாம் மேசையிலேயே இருக்கின்றன. அந்தத் தைரியம்தான்.

போனை என்னிடம் கொண்டுவந்தவன் அக்கா மகன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி வந்தவன், உட்காருவதற்குள் கேட்டான்: "மாமா, கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதாதா? அதுதானே உடைந்திருக்கிறது?" நல்ல கேள்வி. எல்லாரும் கேட்பதும் இதுதான்.

மேலே கண்ணாடி, அதன் கீழே தொடுகையை உணரும் அடுக்கு, அதற்கும் கீழே படம் காட்டும் டிஸ்ப்ளே. இவை மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும். விரிசல் மட்டும் தெரிந்து, படம் முழுதாக வந்து, எல்லா இடத்திலும் தொட்டால் வேலை செய்தால், போனது கண்ணாடி மட்டும். ஆனால் கண்ணாடியை மட்டும் பிரிக்கச் சூடான தட்டும் மெல்லிய கம்பியும் வேண்டும். பிரித்த பிறகு புதுக் கண்ணாடியைக் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்ட, பசைப் படலமும் அழுத்தி ஒட்டும் இயந்திரமும் வேண்டும். அந்த இயந்திரங்கள் உள்ள கடையில் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் கம்பியை வைத்து அறுக்கப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல டிஸ்ப்ளேயையும் சேர்த்து அறுத்துவிடுகிறார்கள்.

அக்காவின் போனில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கருநீலத் திட்டு வந்துவிட்டால் உள்ளே இருக்கும் டிஸ்ப்ளே போய்விட்டது என்று பொருள். ஜே7-இல் இருப்பது அமோலெட் திரை. அதில் ஒளி தரும் பொருள் காற்றும் ஈரமும் படக்கூடாத ஒன்று. அதனால்தான் அதை மூடி முத்திரையிட்டு வைத்திருக்கிறார்கள். முத்திரை விரிசல் விட்டால் காற்று நுழையும், நுழைந்த இடமெல்லாம் செத்துக்கொண்டே போகும். அதனால் திட்டு வந்த போனை "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று வைத்துவிடாதீர்கள். திரை தெரிகிறபோதே படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்து வைத்துவிட வேண்டும். திரை மாற்றினால் போனுக்குள் இருப்பது அழியாது என்பது உண்மைதான், ஆனாலும் எடுத்து வைக்க வேண்டும். கீழ்ப்பாதி தொடுகைக்கு மசியாததால் பாட்டர்ன் போட முடியவில்லை. நாற்பது, ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற ஓ.டி.ஜி கேபிளில் கம்ப்யூட்டர் மவுஸைச் சொருகினேன். திரையில் அம்புக்குறி வந்தது. அதைப் பிடித்து இழுத்துப் பாட்டர்ன் போட்டு, படங்களை மெமரி கார்டுக்கு மாற்றினேன். அக்கா மகன் வாயைப் பிளந்தது அப்போதுதான்.

இனி கடை.

கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் ஒட்டி ஒரே துண்டாக வருவதைக் கடைகளில் காம்போ என்பார்கள். "ஜே7 காம்போ இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் இருப்பதிலேயே மலிவானதை எடுத்து நீட்டுவார்கள், "ஒரிஜினல்தான்" என்ற வார்த்தையோடு. உரைகல்லில் உரசிப் பார்க்காமல் நான் வெள்ளி வாங்குவதில்லை. காம்போவையும் வாய் வார்த்தைக்கு வாங்குவதாக இல்லை. எனவே வீட்டிலேயே பின்மூடியைக் கழற்றி, பேட்டரி, சிம், மெமரி கார்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சுற்றியுள்ள திருகாணிகளை அவிழ்த்து, பின்பக்கச் சட்டத்தையும் தனியே எடுத்துவிட்டேன். போர்டும் திரையின் கனெக்டரும் கண்ணுக்குத் தெரியும்படி ஆகிவிட்டது. நகைக்கடையில் பொருள் மடித்துக் கொடுக்கும் ரோஸ் நிறத் தாளில் போனைச் சுற்றி, ஒரு கொலுசுப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனேன். இப்படித் திறந்த நிலையில் கொண்டுபோனால், கடையிலேயே புதுக் காம்போவின் கனெக்டரைச் சொருகி, பேட்டரியைப் பொருத்தி, எரியவிட்டுப் பார்த்துவிடலாம். ஒட்டிய பிறகு குறை தெரிந்தால் எந்தக் கடைக்காரரும் திருப்பி வாங்க மாட்டார். காம்போவின் மேல் உள்ள பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரித்தாலே "திரும்ப எடுக்க மாட்டோம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனவே எல்லாச் சோதனையையும் அந்த பிளாஸ்டிக்கை உரிக்காமலே முடிக்க வேண்டும்.

முதலில் வந்தது ஆயிரத்துச் சொச்சம் விலை சொன்ன ஒன்று. சொருகியதும் பளிச்சென்று எரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே பளிச்சென்று. வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டையை இடது ஓரம்வரை இழுத்தேன். திரை அசைந்து கொடுக்கவில்லை. இதற்கான காரணம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தரும், பின்னால் தனி விளக்கு கிடையாது. அதனால் இந்த போனின் போர்டில் பின்விளக்கை ஏற்றி இறக்கும் சர்க்யூட்டும் கிடையாது. மலிவுக் காம்போ டி.எஃப்.டி வகை, அதற்குப் பின்விளக்கு வேண்டும். அந்த விளக்கைக் கட்டுப்படுத்தும் சில்லு காம்போவின் சொந்த ஃபிளெக்ஸிலேயே, அதாவது அதை போர்டோடு இணைக்கும் மெல்லிய பட்டையிலேயே, இருந்தால்தான் வெளிச்சம் ஏறும், இறங்கும். அந்தச் சில்லு இல்லாததை மாட்டினால் நடுராத்திரியில் மணி பார்த்தாலும் கண்ணைக் குத்தும் முழு வெளிச்சம்தான், பேட்டரியும் அந்த வேகத்தில் தீரும். இரண்டு பேட்டரி வைத்துச் சமாளிக்கிற அக்காவிடம் இதைக் கொடுத்தால் மூன்றாவது பேட்டரி வாங்க வேண்டி வரும். சில்லு வைத்த டி.எஃப்.டியும் இருக்கிறது. ஆனால் அது அசலைவிடத் தடிமன். சட்டத்தில் உட்கார்ந்த பிறகு விளிம்பு விரலில் தட்டும்.

அமோலெட்டா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. முழுக் கறுப்புப் படம் ஒன்றை முன்கூட்டியே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்து, இரண்டு கைகளாலும் வெளிச்சம் படாமல் மறைத்துக் குனிந்து பாருங்கள். அமோலெட் என்றால் திரை இருக்கிற இடமே தெரியாது, ஏனென்றால் கறுப்பு என்பது அங்கே அணைந்த புள்ளி. டி.எஃப்.டி என்றால் மங்கலான சாம்பல் வெளிச்சம் கசியும். நான் மேசை மேல் குனிந்து கைகளைக் குவித்துப் பார்த்ததைக் கண்டு, பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்தவர் ஏதோ சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்திருக்கலாம். கடைக்காரருக்கு மட்டும் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார்.

இரண்டாவது வந்தது உண்மையான அமோலெட். விலை கிட்டத்தட்ட இருமடங்கு. ஆனால் அது வேறொரு போனிலிருந்து கழற்றியது என்று ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய பசையே சொன்னது. கழற்றியதில் பிழையில்லை, தேய்ந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். சாம்சங் போன்களில் எண் தட்டும் இடத்தில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஸ்டார், ஹேஷ் என்று அடித்தால் சோதனைப் பக்கம் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டால் திரை முழுதும் அந்த ஒரே நிறம் வரும். அமோலெட் அதிக நாள் ஓடினால், எப்போதும் ஒரே இடத்தில் நின்ற படம் நிழலாகத் தங்கிவிடும். நீலத்தைப் போட்டதும் கீழே விசைப்பலகையின் கட்டங்களும் மேலே கடிகாரம் இருந்த இடமும் வரிவரியாகத் தெரிந்தன. யாரோ ராப்பகலாகச் செய்தி தட்டிய போன். வேண்டாம் என்று வைத்தேன். அவர் முகம் சுருங்கியது. எனக்குப் பழகிப் போன முகம்தான் அது, வெள்ளி வியாபாரத்தில் தினமும் பார்ப்பது.

அங்கிருந்து இரண்டு கடை தள்ளி ஒரு சின்னக் கடையில் நிழல் விழாத அமோலெட் கிடைத்தது. அதே சோதனைப் பக்கத்தில் டச் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் திரையின் ஓரங்களிலும் குறுக்காகவும் சின்னக் கட்டங்கள் வரும். விரலால் தடவத் தடவ நிறம் மாறும். ஒரு கட்டம்கூட விடுபடக் கூடாது. விடுபடவில்லை. பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மாட்டுவது அன்று ராத்திரி, பட்டறை வேலை முடிந்த பிறகு. உடைந்த கண்ணாடி மேல் அகலமான செல்லோ டேப்பை ஒட்டிவிட்டேன். இல்லாவிட்டால் சூடு பட்டதும் சில்லுகள் தெறிக்கும். கண்ணுக்கும் ஒரு கண்ணாடி அவசியம். திருகாணிகளை எடுத்த இடத்துக்குத் திரும்ப வைக்க வேண்டும் என்பதால், போனின் உருவத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். கீழே விழுந்த ஒன்றைத் தேட வெள்ளிப் பொடியிலிருந்து இரும்புத் தூள் பிரிக்க வைத்திருக்கும் காந்தம் உதவியது. வெள்ளி அதில் ஒட்டாது, திருகாணி ஒட்டும்.

சூடுதான் இந்த வேலையின் உயிர். பசை இளக 70, 80 டிகிரி போதும். என் கையில் எப்போதும் இருக்கும் ஊதுகுழலுக்கு இங்கே வேலையில்லை. 961 டிகிரியில் உருகுகிற வெள்ளிக்குப் பழகிய கை கொஞ்சம் பொறுமை காக்க வேண்டியிருந்தது. மகளின் ஹேர் டிரையரை வாங்கிக்கொண்டேன், என்ன ஆகுமோ என்று அவள் பக்கத்திலேயே நின்றாள். பழைய திரை எப்படியும் குப்பைக்குத்தான், அது வெந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அதன் பின்னால் முன்பக்கக் கேமரா இருக்கிறது, காதில் கேட்கும் ஸ்பீக்கர் இருக்கிறது, ஹோம் பட்டனின் மெல்லிய ஃபிளெக்ஸ் இருக்கிறது. ஒரே இடத்தில் காற்றை நிறுத்தாமல் ஓரத்தோடு ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விரலை வைத்தால் சுட வேண்டும், ஆனால் வெடுக்கென்று இழுக்க வைக்கக் கூடாது. அந்தப் பதத்தில் ஒரு மூலையில் மெல்லிய பிளாஸ்டிக் முனையை நுழைத்து இடைவெளி விழுந்ததும், பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெட்டிய பட்டையை அதில் செருகி மெல்ல நகர்த்தினேன். மெலிதாகவும் விறைப்பாகவும் இருக்கிற பொருள் அதைவிட வேறில்லை. பட்டை இறுகினால் தள்ளக் கூடாது. திரும்பவும் சூடு காட்ட வேண்டும். மேல் ஓரத்திலும் ஹோம் பட்டன் பக்கத்திலும் ஆழமாக விடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பசை நூல் நூலாக இழுபட்டு, திரை தூக்கிக்கொண்டு வந்தது.

சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். புதுக் காம்போவோடு ஹோம் பட்டன் வராது, ஸ்பீக்கர் வலையும் வராது. பழையதிலிருந்து சாமணத்தால் எடுத்து வைக்க வேண்டும். குப்பையோடு அவற்றையும் போட்டுவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள் ஏராளம்.

ஒட்டுவதற்கு முன்னால் மறுபடியும் ஒருமுறை கனெக்டரைச் சொருகி எல்லாவற்றையும் பார்த்தேன். குறிப்பாக ஒரு போன் பேசி, காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா என்று. பிறகு பி7000 பசை. ஓரத்தில் மயிரிழை அளவுக்குத்தான் வைக்க வேண்டும். அதிகமாக வைத்தால் பிதுங்கி ஹோம் பட்டனுக்குள் போய், பட்டன் அமுங்காது. போனின் அளவுக்கே வெட்டிய இருபுறப் பசை நாடா கிடைத்தால் அதுவே மேல், அடுத்த முறை கழற்றவும் எளிது. ஜே7-க்கு எனக்குக் கிடைக்கவில்லை. ரப்பர் பேண்டுகளைத் தளர்வாகச் சுற்றி ராத்திரி முழுதும் விட்டேன். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டாதீர்கள், அதன் பிடியில் அமோலெட் விரிசல் விட்டுவிடும்.

போன் மலையேறிப் போய்விட்டது. மறுநாளே அக்கா எடை நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கும் அனுப்பினாள், வெளிச்சம் பத்தாத படம். தன் போன் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக, ஐந்தே வார்த்தையில் "திரை மேல் ஒட்டும் கண்ணாடி எங்கே" என்று கேட்டிருந்தாள். அதையும் வாங்கி அக்கா மகனிடம் கொடுத்தனுப்பினேன்.

இப்போது தெருவில் செய்தி பரவி, மாலையானால் யாராவது ஒருவர் உடைந்த போனோடு பட்டறை வாசலில் நிற்கிறார். பின்மூடி கையால் கழலுகிற போன் என்றால் உட்காரச் சொல்கிறேன். பின்பக்கமும் கண்ணாடி, ஓரம் வளைந்த திரை, திரைக்கு அடியில் கைரேகை சென்சார் என்றால் நாலு ரோட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுகிறேன். நேற்று ஒருவர் ஒரு பழைய நோக்கியா பட்டன் போனைக் கொண்டுவந்தார். அதற்குத் திரை உடையவில்லை, 5-ஆம் நம்பர் விசைதான் அமுங்கவில்லை. உள்ளே காப்பித்தூளும் சர்க்கரையும் கெட்டித்துக் கிடந்தன. துடைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.